ஒரு வயர் இழுத்தால் டிராக்‌ஷன் கண்ட்ரோல் வந்துவிடுமா?

விலை குறைந்த வேரியன்ட்டில் டொயோட்டா டகோமாவோ எஃப்ஜே க்ரூசரோ வாங்கிய அமெரிக்கர்கள் சிலர் வீட்டிலேயே செய்துகொள்ளும் ஒரு வேலை இருக்கிறது. மேல் வேரியன்ட்டில் மட்டும் வரும் ஏ-ட்ராக் (காட்டுப் பாதைக்கான டொயோட்டாவின் டிராக்‌ஷன் கண்ட்ரோல்) பட்டனைத் தனியாக வாங்கி, டேஷ்போர்டில் சும்மா கிடக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்தி, அங்கிருந்து பிரேக்கைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு வரைக்கும் ஒரு வயரை இழுத்துவிடுவார்கள். சில வண்டிகளில் இது கம்பெனியிலேயே போட்டுக் கொடுத்த மாதிரி வேலை செய்யும். வேறு சில வண்டிகளில் பட்டனில் விளக்கு மட்டும் எரியும், சக்கரம் பழையபடி காற்றில் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பானெட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பிரேக் வால்வு பெட்டி. சுவிட்ச் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பெட்டியைப் பற்றித் தெரிந்துகொண்டால் காசும் மிச்சம், பிரேக்கும் பத்திரம்.

முதலில் வண்டி ஏன் சிக்குகிறது என்று பார்த்துவிடுவோம். ஆக்சிலின் நடுவில் இருக்கும் சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு பக்கச் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும், ஆனால் இரண்டுக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேலே தொங்குகிறது, அதைச் சுற்ற 50 நியூட்டன் மீட்டர் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கச் சக்கரம் பாறையை எவ்வளவு நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தாலும் அதற்கும் அந்த 50தான் கிடைக்கும். என்ஜின் எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஒரு பொருட்டே கிடையாது. ஃபோர் வீல் டிரைவ் போட்டிருந்தாலும், முன்பக்கம் இடது, பின்பக்கம் வலது என்று குறுக்காக இரண்டு சக்கரங்கள் தூக்கிக்கொண்டால் மற்ற இரண்டும் நல்ல தரையில் நின்றபடியே வேடிக்கை பார்க்கும்.

இதற்கு இரண்டு வழி. டிஃபரென்ஷியலையே பூட்டி இரண்டு பக்கத்தையும் ஒரே கம்பி போல ஆக்கிவிடுவது லாக்கர். சுற்றுகிற சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நிறுத்துவது டிராக்‌ஷன் கண்ட்ரோல். பிரேக் கொடுக்கும் எதிர்ப்பையும் டிஃபரென்ஷியல் தரை கொடுக்கும் எதிர்ப்பாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே காற்றில் இருக்கும் சக்கரத்தை 600 நியூட்டன் மீட்டர் அளவுக்குப் பிடித்தால் மறுபக்கத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு போய்ச் சேரும், வண்டி நகரும். இதற்கு ஒரு விலை உண்டு. என்ஜின் கொடுத்ததில் ஒரு பங்கு பிரேக்கில் சூடாகி வீணாகிறது, அதனால் டிரைவர் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆக்சிலரேட்டர் கொடுத்தாக வேண்டும்.

இங்கேதான் சாலைக்கான டிராக்‌ஷன் கண்ட்ரோலும் காட்டுக்கான டிராக்‌ஷன் கண்ட்ரோலும் பிரிகின்றன. மழையில் நனைந்த ரோட்டில் சக்கரம் வழுக்கினால், என்ஜின் விசையைக் குறைப்பதுதான் பாதுகாப்பு. டொயோட்டாவின் சாதாரண ட்ராக் அதைத்தான் செய்கிறது: பிரேக்கையும் பிடிக்கும், த்ராட்டிலையும் மூடும். சகதியில் இருப்பவனுக்கு இது பெரிய தலைவலி. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த என்ஜின் மூச்சுத் திணறி இறங்கும், இருந்த கொஞ்சம் வேகமும் போய் வண்டி புதைந்துவிடும். ஏ-ட்ராக் என்ஜினைத் தொடாது, பிரேக்கை மட்டும் பிடிக்கும். ஜீப் இதைப் பிரேக் லாக் டிஃபரென்ஷியல் என்கிறது, மஹிந்திரா பிரேக் லாக்கிங் டிஃபரென்ஷியல் என்கிறது, சுசுகி பிரேக் எல்எஸ்டி என்கிறது. ட்யூனிங்கில் வித்தியாசம் இருக்கும், அடிப்படை வேலை ஒன்றுதான்.

சரி, இப்போது அந்தப் பெட்டிக்கு வருவோம்.

1978-இல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்ததிலிருந்து ஏபிஎஸ் செய்யும் வேலை ஒன்றுதான்: நீங்கள் பெடலை மிதித்து உண்டாக்கிய அழுத்தத்தை, பூட்டிக்கொள்ளப் போகும் சக்கரத்துக்கு மட்டும் குறைத்துக் கொடுப்பது. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி கட்டுப்பாடு என்றால் ஒவ்வொன்றுக்கும் உள்ளே விடும் வால்வு ஒன்று, வெளியே விடும் வால்வு ஒன்று, ஆக மொத்தம் 8. உள்ளே ஒரு பம்ப்பும் உண்டு, ஆனால் அது வடித்துவிட்ட பிரேக் திரவத்தை, பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர் பக்கம் திருப்பி அனுப்பத்தான். கால் பெடலில் இல்லாதபோது இந்த அமைப்பால் எந்தச் சக்கரத்தையும் பிரேக் பிடிக்க முடியாது.

டிராக்‌ஷன் கண்ட்ரோலுக்கு வேண்டியது நேர் எதிரான திறமை. உங்கள் கால் ஆக்சிலரேட்டரில் இருக்கும்போதே, யாரும் மிதிக்காமல், ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் அழுத்தம் உண்டாக வேண்டும். அதற்காகப் பெட்டியில் இன்னும் சில வால்வுகள் சேர்ந்தன: மாஸ்டர் சிலிண்டர் பக்கத்தை அடைக்க பிரேக்கின் இரண்டு சர்க்யூட்டிலும் ஒவ்வொன்று, பம்ப் திரவத்தை உறிஞ்சிக்கொள்ள வழிவிடும் வால்வு ஒவ்வொன்றிலும் ஒன்று. 1995-இல் மெர்சிடிஸின் எஸ்-கிளாஸ் கூபேயில் வந்த இஎஸ்பிக்குப் (கீழே வரும் இஎஸ்சிக்கு மெர்சிடிஸ் வைத்த பெயர்) பிறகு இந்த 12 வால்வு அமைப்பு பரவலானது. எஃப்ஜே க்ரூசர் போன்ற சில வண்டிகளில் வழி வேறு. அவற்றில் பிரேக் பூஸ்டரே மின்சாரப் பம்ப் வைத்து அழுத்தத்தை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்ளும் வகை. இந்த மாதிரி வண்டியில் பிரேக் லைனை அனுபவமில்லாமல் அவிழ்க்கவே கூடாது, என்ஜின் அணைந்திருந்தாலும் உள்ளே அழுத்தம் இருக்கும்.

ஆக, 8 வால்வு ஏபிஎஸ் மட்டும் இருக்கும் வண்டியில் எத்தனை வயர் இழுத்தாலும், எந்த சாஃப்ட்வேரை ஏற்றினாலும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் வராது. அழுத்தத்தை உண்டாக்க வழியே இல்லாத பெட்டிக்குக் கட்டளை கொடுத்து என்ன பயன்?

அப்படியானால் விலை குறைந்த வண்டிகளில் இந்த 12 வால்வு பெட்டி எப்படி வந்து உட்கார்ந்தது? கம்பெனிகள் தாராள மனசோடு கொடுத்ததில்லை, அமெரிக்க அரசு கட்டாயப்படுத்தியது. எஃப்எம்விஎஸ்எஸ் 126 என்ற விதி, 10,000 பவுண்டுக்கு உட்பட்ட எடை வகுப்பில் வரும் எல்லா வண்டிக்கும் இஎஸ்சி, அதாவது வண்டி பக்கவாட்டில் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் அமைப்பு, இருந்தாக வேண்டும் என்றது. 2009 மாடலில் இருந்து படிப்படியாக ஏற்றி, 2011 செப்டம்பர் 1 முதல் முழுக்கக் கட்டாயம். இஎஸ்சி வேலை செய்ய வேண்டுமென்றால், யாரும் பெடலை மிதிக்காமலே ஒற்றைச் சக்கரத்தைப் பிரேக் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதே திறமைதான் ஏ-ட்ராக்குக்கும் வேண்டும். அந்த விதி வந்த பிறகு, கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி வைத்த அடிமட்ட டிரக்கில்கூட பம்ப், வால்வு, நான்கு சக்கர வேக சென்சார், ஸ்டியரிங் கோண சென்சார், வண்டி திரும்பும் வேகத்தைச் சொல்லும் யா சென்சார் எல்லாம் தயாராக இருக்கின்றன. மேல் வேரியன்ட்டோடு ஒப்பிட்டால் இல்லாமல் இருப்பது பல நேரங்களில் ஒரு பட்டனும் சாஃப்ட்வேரில் ஒரு அனுமதியும்தான். தன் வண்டியில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் பயன்படுத்த ஒருவர் ஆசைப்படுவதில் எனக்குத் தப்பே தெரியவில்லை.

இதே விதி இன்னொரு சந்தேகத்தையும் ஓரளவு தீர்க்கிறது. ஏ-ட்ராக் ஏன் ஃபோர் லோவில், அதாவது ஃபோர் வீல் டிரைவின் லோ ரேஞ்ச் கியரில் மட்டும்? இஎஸ்சியை டிரைவர் அணைத்து வைத்திருந்தாலும் அடுத்த முறை சாவி போடும்போது அது தானாக ஆன் ஆகிவிட வேண்டும் என்று விதி சொல்கிறது, ஆனால் முன் பின் ஆக்சில்களை ஒன்றாகப் பூட்டும் லோ ரேஞ்சில் வண்டி இருந்தால் விலக்கு கொடுக்கிறது. லோ ரேஞ்சில் வேகமும் குறைவு, சாலைப் பாதுகாப்புக்கான அமைப்பைத் தள்ளிவைக்க அதுதான் வசதியான இடம். பொறியியல் காரணமும் உண்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் மணலில் போகும்போது ஒரு சக்கரத்தை மட்டும் கடுமையாகப் பிடித்தால் ஸ்டியரிங் கையில் இருந்து பிடுங்கிக்கொண்டு போகும், பிரேக்கும் சில நிமிடங்களில் கொதித்துவிடும். அதனால் ஃபோர் லோ கட்டுப்பாட்டை ஏமாற்ற, லோ ரேஞ்சை மாற்றும் பெட்டியான ட்ரான்ஸ்ஃபர் கேஸின் சிக்னலைப் பொய்யாகக் கொடுக்கும் வயரிங் வேலையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பட்டன் சேர்ப்பது வேறு, பிரேக் இசியுவிடம் பொய் சொல்வது வேறு.

வேலையை எப்படி அணுகுவது என்றால், ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் உதிரிபாக எண்ணைப் பாருங்கள். உங்கள் வண்டியின் பிரேக் ஆக்சுவேட்டர் (அந்த வால்வு பெட்டிதான்) எண்ணையும் இசியு எண்ணையும், அதே வருடம், அதே என்ஜின், அதே கியர்பாக்ஸ் கொண்ட மேல் வேரியன்ட்டின் எண்களோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்ல செய்தி, பட்டனும் வயரும் போதுமானதாக இருக்க நல்ல வாய்ப்பு. ஆக்சுவேட்டர் எண் ஒன்றாக இருந்து இசியு எண் மாறினால் விஷயம் சாஃப்ட்வேரில் இருக்கிறது. ஆக்சுவேட்டரே வேறு என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். வருடம் ஒன்று தள்ளினாலும் கனெக்டரில் பின் வரிசை மாறிவிடும், ஆகவே யாரோ சொன்ன பின் நம்பரை நம்பாமல் அந்தந்த வருடத்துக்கான வயரிங் டயாகிராமைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொட வேண்டும்.

இந்த மாதிரிப் பட்டன்களில் பெரும்பாலும் பெரிய கரண்ட் எதுவும் ஓடாது. அழுத்தினால் ஒரு சிக்னல் வயரை ஒரு நொடி எர்த்தோடு சேர்க்கும், விட்டதும் பிரிந்துவிடும். ஆன்-ஆ ஆஃப்-ஆ என்று நினைவில் வைத்துக்கொள்வது இசியுவின் வேலை. அதனால் அழுத்தினால் அப்படியே நிற்கும் சாதாரண சுவிட்சைக் கடையில் வாங்கிப் போட்டால் இசியு குழம்பும், சில வண்டிகளில் எச்சரிக்கை விளக்கும் எரியும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிறக் கனெக்டரைப் பார்த்தால் கை வைக்காதீர்கள், அது ஏர்பேக். இசியு கனெக்டரில் காலியாக இருக்கும் குழிக்கு அதற்கே உரிய டெர்மினலை வாங்கி, வயரோடு கிரிம்ப் செய்து, டக் என்று சத்தம் வரும்வரை தள்ளிப் பொருத்துவதுதான் முறை. பக்கத்து வயரைச் சுரண்டி இன்னொரு வயரைச் சுற்றி டேப் ஒட்டுவது, வயரைக் கடித்துப் பிடிக்கும் நீல நிற கிளிப்பை மாட்டுவது எல்லாம் ரேடியோவுக்கு வேண்டுமானால் சரி. தண்ணீரும் சேறும் தெறிக்கும் இடத்தில், அதுவும் பிரேக் இசியுவில், ஒரு மழைக்காலம் தாண்டாது. பச்சை பூத்துப்போன ஒரு இணைப்பால் ஏபிஎஸ் விளக்கு எரிந்தால், இல்லாத வசதிக்காக இருந்த வசதியையும் இழந்த கதை ஆகிவிடும்.

சாஃப்ட்வேர் வழியாகச் செய்வது இன்னொரு பாதை. ஃபோர்டு வண்டிக்காரர்கள் ஃபோர்ஸ்கேன் என்ற நிரலை லேப்டாப்பில் போட்டு, கோளாறு பார்க்கும் கருவியை மாட்டும் ஓபிடி சாக்கெட் வழியாக ஒவ்வொரு மாடியூலின் (வண்டியில் உள்ள தனித்தனி கணினிகளின்) தொழிற்சாலை அமைப்பையும் படித்து, எண்களை மாற்றி எழுதுகிறார்கள். டே லைட், கதவுப் பூட்டு போன்றவற்றுக்கு இது அருமையான கருவி. பிரேக் மாடியூல் என்று வரும்போது எனக்குத் தயக்கம் உண்டு. மேல் வேரியன்ட்டின் அமைப்பு அந்த வண்டியின் எடை, சக்கர அளவு, பிரேக் அளவு, ஆக்சில் விகிதம் எல்லாவற்றையும் கணக்கில் வைத்து எழுதப்பட்டது. அதை அப்படியே உங்கள் வண்டியில் ஏற்றினால் ஃபோர் லோவில் அட்டகாசமாக வேலை செய்வது போலத் தெரியலாம், ஆனால் அதே கோப்புதான் மழை நாளில் நெடுஞ்சாலையில் இஎஸ்சி எப்போது தலையிட வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறது. பழைய அமைப்பைச் சேமித்து வைக்காமல் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள், எழுதும்போது பேட்டரிக்கு சார்ஜர் மாட்டி வையுங்கள், பாதியில் வோல்ட்டேஜ் இறங்கினால் மாடியூல் செத்துவிடும். எழுதி முடித்த பிறகு ஸ்டியரிங், யா சென்சார்களுக்கு நேராக இருக்கும் நிலை எது என்று மறுபடி கற்றுக்கொடுக்கக் கேட்கும் வண்டிகளும் உண்டு, அதையும் சமதளத்தில் நிறுத்திச் செய்துவிட வேண்டும்.

அதிகமாகப் பேசப்படாத ஒரு விஷயம், லாக்கரும் டிராக்‌ஷன் கண்ட்ரோலும் சேர்ந்து வேலை செய்வது. பல டொயோட்டா வண்டிகளில் பின் லாக்கரைப் போட்டவுடன் ஏபிஎஸ், ட்ராக், ஏ-ட்ராக் எல்லாம் ஒன்றாக அணைந்துவிடும். பின் ஆக்சில் பூட்டியிருக்கும்போது இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் அங்கே ஏ-ட்ராக்குக்கு வேலை இல்லைதான், ஆனால் முன் ஆக்சில் இன்னும் திறந்தேதான் இருக்கிறது, அங்கே ஏ-ட்ராக் இருந்தால் எவ்வளவோ உதவும். டகோமாவிலும் எஃப்ஜேயிலும் லாக்கர் வயரில் கைவைப்பவர்கள் பொதுவாக அதை ஃபோர் லோவுக்கு வெளியேயும் போட முடிகிற மாதிரி மாற்றிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்துவிட்டு, பூட்டிய பின் ஆக்சிலோடு தார் ரோட்டில் வளைவில் திரும்பினால் ஏபிஎஸும் கிடையாது, இஎஸ்சியும் கிடையாது, வண்டி நேராகவே போகப் பார்க்கும். லாக்கரை அதிகம் நம்புகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகச் சேர்ப்பது மட்டும்தான் வேலை என்று நினைக்க வேண்டாம், செத்துப்போன டிராக்‌ஷன் கண்ட்ரோலை எழுப்புவதும் இதே குடும்பத்து வேலைதான், எனக்கு இதில்தான் மரியாதை அதிகம். 1998-இல் வந்த லேண்ட் ரோவர் டிஸ்கவரி 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரத்துக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருக்கிறதே என்ற தைரியத்தில் லேண்ட் ரோவர் அதில் முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே இருக்கும் சென்டர் டிஃபரென்ஷியலைப் பூட்டும் லீவரையே எடுத்துவிட்டது. வண்டிக்கு வயதானதும் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கண்ட்ரோல், ஹில் டிசென்ட் (இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) மூன்று விளக்குகளும் ஒன்றாக எரிய ஆரம்பித்தன; உரிமையாளர்கள் அதற்குத் த்ரீ அமிகோஸ் என்று பேர் வைத்துவிட்டார்கள். சக்கர சென்சாரில் கோளாறு என்றாலும் இது வரும், ஆனால் பல வண்டிகளில் குற்றவாளி மாடுலேட்டர் எனப்படும் அதே பிரேக் வால்வு பெட்டியில் இருக்கும் ஷட்டில் வால்வு சுவிட்சும் அதற்கு உள்ளுக்குள்ளேயே போகும் இணைப்பும்தான். மொத்த மாடுலேட்டரையும் மாற்றப் பெரிய தொகை ஆகும். உரிமையாளர்கள் கண்டுபிடித்த வழி, அந்தச் சுவிட்சில் இருந்து தனியாக வயர் எடுத்து, பெட்டிக்கு வெளியே கொண்டுவந்து, கனெக்டருக்கு வரும் வயரோடு நேரடியாகச் சேர்த்துவிடுவது. பழுதான உள் இணைப்பை முழுசாகச் சுற்றிக்கொண்டு போகிறது, விளக்கு அணைகிறது, டிராக்‌ஷன் கண்ட்ரோல் திரும்ப வருகிறது.

அதே வண்டியின் ஆரம்பகால ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸ்களில் இன்னொரு புதையலும் இருந்தது. லீவரை எடுத்தார்களே தவிர உள்ளே பூட்டும் பாகங்களை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். பெட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முனையை ஸ்பேனரால் திருப்பினால் சென்டர் டிஃபரென்ஷியல் பூட்டிக்கொள்ளும். பழைய டிஸ்கவரியின் லிங்கேஜை வாங்கி மாட்டி உள்ளிருந்தே இயக்கியவர்களும் நிறைய. பிறகு வந்த பெட்டிகளில் அதையும் எடுத்துவிட்டார்கள், 2004 மாடலில் சென்டர் லாக் கம்பெனியில் இருந்தே திரும்ப வந்தது. டிராக்‌ஷன் கண்ட்ரோல் மட்டும் போதும் என்ற கணக்கு சரிப்படவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

நம் நாட்டு வண்டிகளுக்கு வந்தால் நிலைமை கொஞ்சம் வேறு. இந்தியாவில் கார்களுக்கு ஏபிஎஸ் எல்லா மாடலிலும் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அமெரிக்கா மாதிரி அடிமட்ட வேரியன்ட் வரைக்கும் இஎஸ்சி பெட்டியைக் கொண்டுபோகச் சொன்ன விதி அப்போது இங்கே கிடையாது. அதனால் ஏபிஎஸ் மட்டும் இருக்கும் பழைய மஹிந்திரா தார் சிஆர்டிஇ வைத்திருப்பவர் டிராக்‌ஷன் கண்ட்ரோல் வயரைத் தேடி அலைய வேண்டியதில்லை, அந்தக் காசை லாக்கரில் போடுவதுதான் அறிவு. 2023-இல் வந்த சுசுகி ஜிம்னியில் எந்த வேரியன்ட் எடுத்தாலும் பிரேக் எல்எஸ்டி உண்டு, அங்கே சேர்க்க ஒன்றுமில்லை, ஒழுங்காகப் பயன்படுத்தத் தெரிந்தால் போதும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அமைப்பில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஒரு பட்டன் ஆர்சியை மாற்றாதுதான், ஆனால் பிரேக் வயரிங்கில் கைவைத்த வண்டிக்கு வாரன்டி கேட்டுப் போனால் சர்வீஸ் சென்டரில் என்ன பதில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

வேலை முடிந்ததும் சோதிப்பது எப்படி? ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு கியர் போட்டுப் பார்ப்பதை மட்டும் செய்யவே கூடாது. டிராக்‌ஷன் கண்ட்ரோல் சரியாக வேலை செய்தால் தரையில் இருக்கும் சக்கரங்கள் இழுத்துக்கொண்டு வண்டி ஜாக்கியில் இருந்து குதித்துவிடும், அதாவது சோதனை வெற்றி என்றாலே விபத்து. வேகமாகப் போகத் தேவையில்லாத, மேலே பார்த்த மாதிரி குறுக்காக இரண்டு சக்கரம் தூக்கிக்கொள்ளும் ஒரு சின்னப் பள்ளத்தைத் தேடுங்கள், முன்னால் யாரையும் நிற்க விடாதீர்கள். ஃபோர் லோ போட்டு, பட்டனை அழுத்தி, மெதுவாக ஏறுங்கள். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் பானெட்டுக்குள் பம்ப் கர்ர் கர்ர் என்று இரையும், பெடலில் காலை லேசாக வைத்தால் துடிப்பு தெரியும், மீட்டரில் விளக்கு மினுக்கும்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்து ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுப்பதுதான் புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் செய்வது. எடுத்தவுடன் சக்கரம் நிற்கும், சுற்றல் இல்லாததால் இசியு பிரேக்கை விட்டுவிடும், வண்டி பின்னால் உருளும், பிறகு பட்டன் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுவார்கள். காலை ஒரே அளவில் வைத்துக்கொண்டு ஓரிரு நொடி பொறுத்தால் பிரேக் கடித்து மறுபக்கச் சக்கரம் ஏறும். நீண்ட நேரம் தொடர்ந்து செய்தால் டொயோட்டா மாதிரி வண்டிகளில் பிரேக் சூடாகிவிட்டது என்று கணக்கிட்டு பஸ்ஸர் அடித்து அமைப்பே தற்காலிகமாக ஒதுங்கிக்கொள்ளும், அப்போது என்ஜினை ஓடவிட்டு, வண்டியை நிறுத்தி, ஆறவிடுவதைத் தவிர வழியில்லை. பழைய டகோமா போலப் பின்பக்கம் டிரம் பிரேக் இருக்கும் வண்டிகளில் சேற்றில் ஆடிவிட்டு வந்தால் டிரம்மைக் கழற்றிக் கழுவி லைனிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி நெடுஞ்சாலையில் ஏற வேண்டும்.